விமானக் கணினியைத் தாக்கும் கதிர்வீச்சு அணு உலையிலிருந்து வருவதல்ல

2025 நவம்பர் இறுதியில், கடுமையான சூரியக் கதிர்வீச்சால் கட்டுப்பாட்டுக் கணினியின் தரவுகள் சிதையக்கூடும் என்று அறிவித்த ஏர்பஸ் நிறுவனம், ஏ320 குடும்பத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 6,000 விமானங்களில் உடனடி மாற்றம் செய்யச் சொன்னது. அப்படியானால் கூடங்குளத்தையும் கல்பாக்கத்தையும் ஒட்டிப் பறக்கும் விமானங்களுக்கு என்ன பாதுகாப்பு என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்; ஆனால் அந்த அச்சம் தவறான இடத்தைச் சுட்டுகிறது என்பதே என் உறுதியான கருத்து.

இயங்கும் அணு உலையில் எரிபொருள் தடித்த எஃகுக் கலனுக்குள் இருக்கிறது. அதைச் சுற்றிலும் கான்கிரீட் சுவர்கள். அணுமின் நிலையத்தால் பொதுமக்கள் ஒருவருக்கு ஆண்டு முழுவதும் சேரக்கூடிய கதிர்வீச்சுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட் (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஏறத்தாழ 35,000 அடி உயரத்தில் பறப்பவருக்கோ, வழித்தடத்தைப் பொறுத்து, சில நூறு மணி நேரத்திலேயே விண்வெளிக் கதிர்களால் அந்த அளவு சேர்ந்துவிடுகிறது. விமானப் பணியாளர்களைத் தொழில்முறையில் கதிர்வீச்சுக்கு ஆளாகிறவர்களாகக் கருத வேண்டும் என்று சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 1990-லேயே பரிந்துரைத்தது இதனால்தான்.

விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான்கள் காற்றின் நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கருக்களில் மோதும்போது நியூட்ரான்கள் சிதறுகின்றன. விமானம் பறக்கும் உயரத்தில் இவற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைப்போல் சுமார் 300 மடங்கு. அவற்றில் ஒன்று சிப்பிலுள்ள சிலிக்கான் அணுக்கருவில் மோதினால், நினைவகத்தில் 0 என்றிருந்தது 1 ஆகிவிடலாம். சிப் பழுதாவதில்லை, அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடவாததுபோல் வேலை செய்யும். அதனால்தான் பின்னர் தடயம் கிடைப்பது இத்தனை கடினம்.

2008 அக்டோபர் 7 அன்று சிங்கப்பூரிலிருந்து பெர்த் சென்றுகொண்டிருந்த குவான்டாஸ் ஏ330 விமானம், ஒரு தரவுக் கருவி தந்த தவறான எண்களை நம்பி, விமானிகள் எதுவும் செய்யாமலேயே இரண்டு முறை மூக்கைத் தாழ்த்தியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அருகே எக்ஸ்மவுத்தில் இருந்த கடற்படை வானொலி நிலையத்தின் மீது உடனே சந்தேகம் பாய்ந்தது. அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று ஆஸ்திரேலிய விசாரணை கண்டது. விண்வெளித் துகள் காரணமா என்பதையோ உறுதிசெய்யவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. தரையில் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றின் மீது பழி போடுவது நமக்கு எப்போதும் எளிதாக இருக்கிறது.

சரி, உலை வெடித்தே விட்டால்? ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 17 அன்று சினூக் ஹெலிகாப்டர்கள் உலைகளின் மீது தண்ணீர் கொட்டின. சுமார் 90 மீட்டர் உயரத்தில் அளவிடப்பட்ட கதிர்வீச்சு மணிக்கு 87.7 மில்லிசீவர்ட். அது மனிதருக்கு ஆபத்து. ஆகவேதான் உள்ளிருந்த வீரர்களுக்காக ஹெலிகாப்டரின் அடித்தளத்தில் உலோகத் தகடுகள் பதித்தார்கள். ஆனால் சாதாரண மின்னணுச் சாதனம் செயலிழக்க வேண்டுமானால் அந்த இடத்திலேயே நூற்றுக்கணக்கான மணி நேரம் நிற்க வேண்டும். அதற்கு வெகு முன்பே விமானி உயிரிழந்திருப்பார். செர்னோபிலில் 1986 அக்டோபரில் விழுந்த எம்ஐ-8 ஹெலிகாப்டரைக் கதிர்வீச்சுதான் வீழ்த்தியது என்று இன்றும் பகிர்கிறார்கள். அதன் சுழலி பாரந்தூக்கியின் கம்பியில் மோதியதே உண்மைக் காரணம். அங்கே கதிர்வீச்சு மின்னணுவியலை வென்றது உலைக் கட்டடத்தின் கூரையில், எரிபொருள் சிதறல்களை அகற்ற அவற்றின் நடுவே இறக்கப்பட்ட தொலைவிலிருந்து இயக்கும் இயந்திரங்களில். அவை நின்றுபோனதால் மனிதர்கள் மண்வாரியோடு ஏறினார்கள்.

அணுமின் நிலையங்களைக் கேள்வி கேட்பவர்களோடு எனக்குப் பெரிதும் உடன்பாடு உண்டு. தீர்ந்த எரிபொருளை எங்கே வைப்பது, விபத்து நேர்ந்தால் கடற்கரைக் கிராமங்களை எப்படி வெளியேற்றுவது என்பவை இன்னும் நிறைவான பதில் வேண்டிநிற்கும் கேள்விகள். அவற்றோடு ஆதாரமில்லாத ஒன்றைச் சேர்த்தால், மறுப்பவர்கள் அந்த ஒன்றை மட்டும் மறுத்துவிட்டு மற்ற அனைத்தையும் ஒதுக்கிவிடுவார்கள்.

விமானப் பாதுகாப்புக்குக் கேட்க வேண்டியது வேறு. ஏ320 விவகாரத்தில் பெரும்பாலான விமானங்களுக்குத் தீர்வாக அமைந்தது முந்தைய மென்பொருளுக்கே திரும்புவது. அப்படியென்றால் புதிய பதிப்பு, பழையது தாங்கியதைத் தாங்கவில்லை. ஆகவே ஒவ்வொரு மென்பொருள் மாற்றத்துக்கும் முன்பு, நினைவகத்தில் ஒரு பிட் (0 அல்லது 1) மாறினால் அந்தக் கணினி என்ன செய்யும் என்ற சோதனை முடிவைத் தயாரிப்பாளர்களிடமிருந்து நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கேட்டுப் பெற வேண்டும். அதைப் பொதுவில் வெளியிடவும் வேண்டும்.