அமலமரித் தியாகிகள் சபை தொடங்கிய கதை

"அமலமரித் தியாகிகள் சபை ஆசிய நாடுகளில் மதம் பரப்பவே தொடங்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள் அண்ணா, அது சரியில்லை. இந்தக் கத்தோலிக்கத் துறவற சபை தொடங்கிய கதையே வேறு. 1816 ஜனவரியில் பிரான்சின் எக்ஸ் நகரில், ஒரு பழைய கார்மேல் மடத்தில், யூஜின் டி மசனெட் சில குருக்களோடு ஆரம்பித்தது அது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் கைவிடப்பட்டிருந்த சொந்த ஊர் ஏழைகள்தான் அவர்களுடைய இலக்கு. அதற்கு முன்பே, 1813 தவக்காலத்தில், வேலைக்காரர்களுக்கும் கூலிகளுக்கும் புரியும் உள்ளூர் மொழியான புரோவென்சால் பேச்சிலேயே அவர் விடிகாலையில் பிரசங்கம் செய்திருக்கிறார். இதை விட்டுவிட்டால் சபையின் உயிரே போய்விடும்.

1826இல் பாப்பரசரின் அங்கீகாரம். கடல் கடந்தது 1841இல்தான், அதுவும் மொன்றியல் ஆயர் வந்து கேட்டதால், கனடாவுக்கு. யாழ்ப்பாணப் பணிக்காக இந்தச் சபையின் செமேரியா அடிகள் குழுவினர் இலங்கை வந்தது 1847இல்.