வெட்டு அதிர்வெண் என்பது சுவர் அன்று

ஆர்சி லோ பாஸ் ஃபில்டர் என்பது ஒரு மின்தடையும் (R) ஒரு மின்தேக்கியும் (C) கொண்டு, தாழ்ந்த அதிர்வெண்களை விட்டு உயர்ந்தவற்றைக் குறைக்கும் சர்க்யூட்; இவ்விரண்டுக்கும் இடையே எல்லையாகக் கொள்ளப்படுவது வெட்டு அதிர்வெண். 1 கிலோஹெர்ட்ஸ் வெட்டு அதிர்வெண் கொண்ட அத்தகைய ஃபில்டரை வைத்தால் அதற்கு மேலுள்ள சிக்னல்கள் முழுவதும் நின்றுவிடும், கீழுள்ளவை அப்படியே வரும் என்று சிலர் கருதுவதுண்டு. இது சரியன்று, இதை நம்பிச் சர்க்யூட் அமைப்பவர்கள் வீணாகக் குழம்புவார்கள் என்பதால் விளக்குகிறேன்.

1.6 கிலோ ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்தால் வெட்டு அதிர்வெண் ஏறத்தாழ 1 கிலோஹெர்ட்ஸ் வரும். அந்த அதிர்வெண்ணிலேயே வெளியீட்டு வீச்சு உள்ளீட்டில் சுமார் 70.7 விழுக்காடாக, அதாவது 3 டெசிபல் குறைந்துதான் இருக்கும். கூடவே வெளியீட்டு அலை உள்ளீட்டு அலையைவிட 45 பாகை, அதாவது ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு, பின்தங்கியும் இருக்கும். சம வீச்சுள்ள 500 ஹெர்ட்ஸ், 5 கிலோஹெர்ட்ஸ் சிக்னல்களைக் கலந்து இதன் வழியே அனுப்பினால், முதலாவது சுமார் 89 விழுக்காடும் இரண்டாவது சுமார் 20 விழுக்காடும் வெளிவரும். அலைவடிவைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால், மெதுவான அலையின் மேல் வேகமான சிற்றலை இன்னும் ஏறியிருப்பது தெளிவாகத் தெரியும்.

ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்த ஒற்றை ஆர்சி கட்டத்தின் சரிவு, வெட்டு அதிர்வெண்ணுக்கு மேலே அதிர்வெண் பத்து மடங்காகும்போது 20 டெசிபல், அதாவது வீச்சு பத்தில் ஒரு பங்காவது, மட்டுமே. ஆகவே 1 கிலோஹெர்ட்ஸையும் 1.2 கிலோஹெர்ட்ஸையும் இதனால் பிரிக்கவே இயலாது. அதற்கு இன்னும் செங்குத்தான சரிவுள்ள உயர்வரிசை ஃபில்டரோ, குறிப்பிட்ட குறுகிய அதிர்வெண் பட்டையை மட்டும் விடும் பேண்ட் பாஸ் ஃபில்டரோ வேண்டும். ஆர்சி கட்டங்களை வெறுமனே அடுக்குவதும் முழுத் தீர்வாகாது. இடையில் ஒரு கட்டம் மற்றொன்றைப் பாதிக்காமல் பிரித்து வைக்கும் ஆப் ஆம்ப் பஃபர் (பெருக்கிச் சிப்பால் ஆன இடைத்தாங்கி) இல்லையென்றால், பின்னுள்ள கட்டம் முன்னுள்ளதன் மீது சுமையாகி, கணக்கிட்ட வெட்டு அதிர்வெண்ணையே கீழே இழுத்துவிடும்.