வேக்குவம் சக் இல்லாமலே மரக் கிண்ணத்து அடியைக் கடையலாம்

அண்ணாச்சி, ‘வேக்குவம் சக் இல்லாம கிண்ணத்தோட அடியைக் கடையவே முடியாது’ன்னு போட்டிருக்கீங்க. (காத்தை உறிஞ்சி கிண்ணத்தை லேத்துல பிடிச்சு வைக்கிற கருவிதான் வேக்குவம் சக்.) தப்பு. அம்பாசமுத்திரத்துல சொப்புச் சாமான் கடையுறவங்ககிட்ட சொன்னா சிரிப்பாங்க.

கழிவுப் பலகையை லேத்துல மாட்டி, கிண்ணத்து வாய் இறுக்கமா உக்கார்ற மாதிரி பள்ளம் வெட்டி, கவுத்து அமுக்குங்க. அந்தப் பிடிப்பை மட்டும் நம்பிராதீங்க. டெயில்ஸ்டாக் (லேத்தோட எதிர்ப்பக்கத்துல இருந்து அமுக்கிப் பிடிக்கிற பாகம்) முனை கடைசிவரைக்கும் அடியைத் தாங்கணும். அந்த முனை அமுக்குற நடுவுல கடையாம மிஞ்சுற குமிழை லேத்தை நிறுத்திட்டு உளியால சீவி, உப்புத்தாள் போட்டாப் போதும்.

பச்சை மரத்துல கடைஞ்சதுன்னா காயும்போது வாய் கோணிக்கும், பள்ளத்துல உக்காராது. அப்ப, துணி சுத்துன உருண்டைக் கட்டையை லேத்துல மாட்டி, கிண்ணத்துக்குள்ள முட்டுக் கொடுத்து, டெயில்ஸ்டாக்கால நெருக்கி, வேகத்தைக் குறைச்சு ஓட்டுங்க. வேக்குவம் வசதிதான், மறுக்கல. ஆனா மரத்துல வெடிப்பு இருந்தா காத்து கசிஞ்சு கிண்ணம் கழண்டு பறக்கும்.