பத்து மூடு ரப்பரும் ஒரு பீர் கம்பெனிக்காரரும்

எங்களுக்கு கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் 150 மூடு (மரம்) ரப்பர் இருக்கிறது. போன வெட்டு சீசனில் (பால் எடுக்கப் பட்டையைக் கீறும் காலம்) ஒருத்தர் ஒரு கரைசல் கேனோடு வந்தார். பட்டையில் தடவினால் பால் கால்பங்கு கூடுமாம். கம்பெனி பேர் வேண்டாம். நான் வீட்டுக்கு வருவதற்குள் மாமா (மனைவியின் அப்பா) ஒரு கேன் வாங்கி, தோட்டுக்கரையில் (ஓடைக்கரையில்) நின்ற அஞ்சு மூட்டில் தடவியும் விட்டார்.

பொற்றை (குன்று) மேலே நிற்கும் அஞ்சு மூட்டோடு ஒப்பிட்டால் மூட்டுக்கு 30 மி.லி. கூடுதல். "பாத்தியா மக்களே?" என்று மாமாவுக்கு ஒரே குஷி. வெட்டுக்காரர் சிரட்டையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அது முன்னமே நல்லா கறக்குத மூடுதானே."

புள்ளியியலில் பி.எஸ்சி. முடித்து இருபது வருஷம் ஆன எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. இதைத்தான் ஃபிஷர் என்ற ஆங்கிலேயர் 1920-களில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்து உலகத்துக்கே எடுத்துச் சொன்னார்: எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை உன் கண் முடிவு செய்யக்கூடாது, சீட்டுக் குலுக்கிப் போடு. நம்ம கண் நல்ல மண்ணைத்தான் தேடிப்போகும். பூதப்பாண்டிப் பக்கம் நெல் விளைச்சல் கணக்கெடுக்க வருகிறவர்கள் வரப்போரம் செழிப்பாக நிற்பதை விட்டுவிட்டு எங்கேயோ நடுவில் கட்டம் போட்டு அறுக்கிறார்களே, அதுவும் இந்தச் சங்கதிதான்.

சரி, நாங்களும் குலுக்கினோம். பத்து மூட்டின் நம்பரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, காலிச் சிரட்டையில் போட்டு, மகள் அஞ்சு எடுத்தாள். அடுக்களை அளவுக் குவளையால் நாலு வெட்டுக்கு அளந்தோம். (அந்தக் குவளையை மனைவி இனி அடுக்களையில் ஏற்றமாட்டாள்.) தடவிய ஒவ்வொரு மரத்திலும் வெட்டுக்குச் சராசரி மி.லி. 95, 140, 110, 160, 120. தடவாதவை 90, 130, 105, 150, 100. ஆக, 125-க்கு 115. பத்து மி.லி. கூடுதல்.

ஆனால் வரிசையைப் பாருங்கள். ஒரே கரைசல் தடவிய மரத்திலேயே ஒன்று 95, இன்னொன்று 160. மரத்துக்கு மரம் இவ்வளவு ஆட்டம் இருக்கும்போது அந்தப் பத்துக்கு என்ன மரியாதை?

இந்த இடத்தில்தான் எனக்குப் பிடித்த மனிதர் வருகிறார். வில்லியம் கோசெட், டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை. அவர் கையில் எப்போதுமே நாலைந்து மாதிரிகள்தான். அன்றைய புள்ளியியலோ நூற்றுக்கணக்கில் கேட்டது. கொஞ்ச மரத்தை வைத்து ஆட்டத்தை அளந்தால் அந்த அளவே ஆடும் என்பது அவர் பிடித்த நுனி. 1908-ல் கட்டுரை வந்தது. ஆலைக்காரர்கள் சொந்தப் பேரில் எழுத விடாததால் 'ஸ்டூடன்ட்' என்று புனைபெயர். படிக்கும் காலத்தில் அவர் வழியில் வித்தியாசத்தைச் சோதிக்கும் ஸ்டூடன்ட் டி-டெஸ்ட் என்றால் மாணவர்களுக்கு வைக்கிற டெஸ்ட் என்றே நினைத்திருந்தேன், சிரிக்காதீர்கள்.

அவர் சரிபார்த்த விதம்தான் அழகு. 3000 குற்றவாளிகளின் உயரமும் இடது நடுவிரல் நீளமும் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. அதை 3000 அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நாலு நாலாகப் பிரித்து 750 கூறு போட்டுப் பார்த்தார். கம்ப்யூட்டர் கிடையாது. எங்கள் சிரட்டைக் குலுக்கலுக்கு இவர் பெரியப்பா முறை.

அவர் வழியில் வந்த கணக்குப்படி என் வித்தியாசத்தின் திட்டப்பிழை (குலுக்கலால் மட்டும் அது ஆடக்கூடிய அளவு) சுமார் 16 மி.லி. நூற்றுக்கணக்கில் மரம் இருந்தால் வித்தியாசம் அதைப்போல 1.96 மடங்கு தாண்டினால் போதும், கரைசலுக்குப் பலன் உண்டு எனலாம்: பலனே இல்லாதபோது வெறும் குலுக்கலில் அவ்வளவு வருவது நூற்றுக்கு அஞ்சு தடவைதான் (5 சதவீதக் கோடு என்பது இதுதான்). அஞ்சுக்கு அஞ்சு என்பதால் 2.31 மடங்கு வேண்டும், அதாவது 36 மி.லி. எனக்கு வந்ததோ பத்து. "தேறல மாமா" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறுத்தியது. பத்தில் 36-ஐக் கூட்டியும் கழித்தும் பார்த்தால், கரைசல் பாலை 26 மி.லி. குறைத்திருக்கலாம், 46 கூட்டியும் இருக்கலாம். கேன்காரர் சொன்ன கால்பங்கு என்பது சுமார் 29 மி.லி. அதுவும் இதற்குள்ளேதான் வருகிறது! அவர் சொன்னது பொய் என்றும் என் பத்து மரத்தால் சொல்ல முடியாது. இதை ஒத்துக்கொண்டபோது மாமா சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

என் வாதம் இதுதான். 5 சதவீதக் கோட்டைத் தாண்டினால் உண்மை, தாண்டாவிட்டால் பொய் என்று நம்ம கல்லூரிகளில் மனப்பாடமாக ஏற்றுகிறார்கள். பிராஜெக்ட் அறிக்கை முழுக்க அந்த ஒரு வரிதான். அந்தக் கோடே முடிவு ஆகிவிடாது என்று 2016-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் அறிக்கையே விட்டது. கோசெட்டோ ஆலைக்காரர், அவருடைய கேள்வி வேறு: தப்பாகப் போனால் எவ்வளவு நஷ்டம், சரியாக இருந்தால் எவ்வளவு லாபம்?

அப்படிப் பார்த்தால் பத்து மி.லி. பாலில் காய்ந்த ரப்பர் சுமார் 3 கிராம். 150 மூடு, வருஷம் 100 வெட்டு என்றால் 45 கிலோ. கிலோ 180 என்று வைத்தால் 8100 ரூபாய். கரைசலுக்கு 6000 போகும். இந்தப் பத்து நிஜமாக இருந்தால் தள்ளிவிடுகிற காசில்லை, நிஜமில்லை என்றால் 6000 தோட்டோடு போயிற்று. இன்னொரு முறை அளந்து பார்க்கத் தகும்.

சும்மா மரத்தைக் கூட்டி அந்தத் திட்டப்பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு மரம் வேண்டும், இருபதுக்கு இருபது. குவளை பிடிக்க ஆள் இல்லை. அதற்கும் கோசெட்டிடம் வழி இருக்கிறது: அந்தக் கட்டுரையிலேயே பத்து நோயாளிகளுக்கு இரண்டு தூக்க மருந்தும் கொடுத்த கணக்கு வருகிறது. ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிடுகிறார். கறக்கிற மூடு, கறக்காத மூடு என்ற பேதம் அங்கேயே அடிபட்டுவிடும். ஆகவே இந்த முறை எல்லா மூட்டையும் முதலில் சும்மா நாலு வெட்டு அளப்பது, பிறகு குலுக்கித் தடவுவது, ஒவ்வொரு மூட்டிலும் எவ்வளவு மாறியது என்று பார்ப்பது.

இப்போது மழை, வெட்டு நின்று கிடக்கிறது. மாமா சீட்டு எழுதி வைத்துவிட்டார். தோட்டுக்கரை மூட்டின் நம்பரை மட்டும் கொஞ்சம் பெரிசாக எழுதியிருக்கிறார், பார்த்துவிட்டேன்.