டிரம் அண்ட் பேஸ் பாட்டுக்கு இன்ட்ரோ எங்கப்பா?

டிரம் அண்ட் பேஸ்ங்கற வேகமான எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்ல இப்ப வர்ற ரிலீஸ் நிறைய இரண்டரை நிமிஷத்துல முடிஞ்சிடுது. ஸ்ட்ரீமிங்ல கேக்கறவங்க தாண்டிப் போயிடுவாங்கன்னு பயந்து இன்ட்ரோவையே வெட்டிடறாங்க. ஓடற பாட்டோட அடுத்த பாட்டோட இன்ட்ரோவைக் கலந்து மிக்ஸ் பண்ற டிஜே என்ன செய்வாரு?

174 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 174 பீட்) 32 பார் (ஒரு பார்னா நாலு பீட்) இன்ட்ரோன்னாலே 44 செகண்டுதான். அதுக்குள்ள ரெண்டு டிராக்கோட கிக், ஸ்னேர் டிரம் அடிகளை ஒண்ணாச் சேர்த்து, பழைய பாட்டோட லோ ஈக்யூவை (பேஸ் அளவை) இறக்கி, புதுசை ஏத்தணும். 8 பார்லயே, அதாவது 11 செகண்டுல, டிராப் (பீட்டும் பேஸும் முழுசா இறங்கற இடம்) விழுந்தா ரெண்டு பாட்டோட சப்-பேஸும் (ரொம்ப ஆழமான பேஸ் ஒலி) மோதி ஸ்பீக்கர்ல வெறும் கொழகொழன்னு வருது. இன்ட்ரோவுல ஒரு துண்டை லூப் போட்டு, திரும்பத் திரும்ப ஓடவிட்டு நீட்டலாம்தான். ஆனா வோக்கல் மேல லூப் விழுந்தா அதே அரை வரி திரும்பத் திரும்பக் கத்தும், சகிக்காது.

நீளமான இன்ட்ரோ இருக்கற எக்ஸ்டெண்டட் மிக்ஸையும் சேர்த்து வெளியிட்டா என்ன குறைஞ்சிடும்? இதுல பாட்டு ஃபைல்ல வேகத்தைக் குறிக்கற டெம்போ டேக்கை வேற, 174-ஐப் பாதியாக்கி 87-ன்னு போட்டுடறாங்க. பிபிஎம் வாரியா அடுக்கினா பாட்டு மெதுவான ஹிப்-ஹாப் கூட்டத்துல போய் ஒளிஞ்சுக்குது.