அழகாத்தான் இருக்கு, யார் இல்லைன்னா?

நேத்து எல்லாரும் மாறி மாறிப் பகிர்ந்த குடியிருந்தவங்களைக் காலி பண்ணிட்டு அமைச்ச அந்தப் பூங்காவோட திறப்பு விழா வீடியோவுக்குக் கீழே, "அங்கே குடியிருந்தவங்க எங்கே?"ன்னு ஒரே ஒரு வரிதான் கேட்டேன். உடனே பட்டம் கொடுத்துட்டாங்க: வளர்ச்சிக்கு எதிரி. சரி, இருந்துட்டுப் போறேன். மறுபடியும் கேக்கறேன், அங்கே குடியிருந்தவங்க எங்கே?

"மாற்று வீடு கொடுத்தாச்சே?" கொடுத்தாங்க, நகரத்துக்கு வெளியே. வீட்டு வேலைக்குப் போற பொம்பளைக்கு நடந்து போற தூரத்துல வேலை, அவசரத்துக்குக் கைமாத்து தர்ற பக்கத்து வீடு, பிள்ளையைப் பார்த்துக்கிற எதிர்வீட்டுப் பாட்டி, எல்லாம் சேர்ந்ததுதான் வீடு. இதையெல்லாம் எந்த லாரியில ஏத்தினீங்க?

"கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்துச்சே"ன்னு ஒருத்தர். என்கிட்டயேவா! அந்த மாதிரி ஒண்ணுல நானும் உட்கார்ந்திருக்கேன். வேலை நாள், பட்டப்பகல். சுவர்ல வரைபடம், கையில பச்சை ஸ்டிக்கர். பெஞ்சு எங்கே வேணும்னு ஒட்டணுமாம். பக்கத்துல நின்ன அம்மா அந்தப் படத்துல தன் வீட்டைத் தேடிக்கிட்டே இருந்தாங்க. அந்த இடத்துல புல்தரை வரைஞ்சிருந்தது. ஸ்டிக்கரை என் கையில கொடுத்துட்டுப் போயிட்டாங்க. அறிக்கையில 'மக்கள் பங்கேற்புடன்'னு வந்துச்சு.

தென்கொரியாவோட சியோல் நகரத்தைப் பாருன்னு படத்தைப் போட்டுப் பாடம் எடுத்தவருக்கு: சாலைக்கு அடியில மூடிக் கிடந்த சியோங்கிச்சியோன் ஓடையை மீட்டு 2005-ல திறந்தது அருமையான வேலைதான். அங்கிருந்த தெருவோர வியாபாரிகள் பலரை டோங்டேமுன் மைதானத்துக்கு அனுப்பினாங்க. கொஞ்ச வருஷத்துல டிசைன் பிளாசாங்கிற பெரிய கண்காட்சிக் கட்டடம் கட்ட அந்த மைதானத்தையும் இடிச்சாங்க. திரும்ப மூட்டை கட்டினது யாரு? நியூயார்க் ஹைலைன் பூங்காவோட இணை நிறுவனர் ராபர்ட் ஹாமண்டே, அக்கம்பக்கத்து மக்கள் விஷயத்துல தோத்துட்டோம்னு 2017-ல ஒத்துக்கிட்டார். டிசைன் எப்படி இருக்கணும்னு கேட்டதுக்குப் பதிலா, உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டிருக்கணும்னார். இவரும் வளர்ச்சிக்கு எதிரியா?

வெள்ள ஆபத்துன்னா காலி பண்ணித்தான் ஆகணும், ஒத்துக்கறேன். அதே இடத்துல அப்புறம் கண்ணாடிக் கட்டடம் முளைக்கிறப்ப மட்டும் வெள்ளம் லீவு போட்டுடுமோ?

"பூங்கா எல்லாருக்கும்தானே?" அந்த பெஞ்சைப் பாருங்க. நடுவுல ரெண்டு இரும்புக் கைப்பிடி. அசதியில ஒருத்தர் காலை நீட்டிப் படுத்துடக் கூடாதுன்னே வச்சது. எல்லாருக்கும்தான்!

பல வருஷமாத் தெரிஞ்ச நண்பர், எனக்குப் பொறாமைன்னு எழுதியிருக்கார். பூங்கா மேல எனக்கென்னங்க பொறாமை? மரம் வேணாம்னா சொன்னேன்? திட்ட வர்றவங்க, அந்த மாற்று வீட்டுல இருந்து பழைய வேலைக்கு எத்தனை பஸ் மாறணும்னு ஒரு நாள் போய்ப் பார்த்துட்டு வாங்க. மத்தவங்களுக்கு இனி பதில் கிடையாது.