மாசம் எவ்வளவு வரும், தம்பி?

போன மாதம் ஒரு என்ரோல்மென்ட்டுக்காகச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குப் போயிருந்தேன். எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஐந்து வருடச் சட்டப்படிப்பை முடித்துவிட்டு அன்றைக்கு வக்கீலாகப் பதிவு செய்தாள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அப்பா லாரியில் லோடு ஏற்றி இறக்குபவர். "கோர்ட்டுப் பக்கமே நாங்க போனதில்ல, நீங்க கூட வந்தா தைரியமா இருக்கும்" என்று கேட்டார். போனேன்.

கறுப்புக் கோட்டும் கழுத்தில் வெள்ளைப் பட்டியுமாய் அத்தனை பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுந்து நின்று உறுதிமொழி வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, பதினான்கு வருடம் கழித்தும் அந்த வரிகள் அப்படியே உள்ளே இருக்கின்றன. வெளியே வந்ததும் அம்மா முதலில் செய்தது, மகளின் கவுனைக் கையில் எடுத்துத் துணியைத் தடவிப் பார்த்ததுதான். மரத்தடியில் போட்டோ எடுத்தோம். கவுனை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு தம்பி ஒரு போட்டோ. எல்லாம் நன்றாக இருந்தது.

ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பெண் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவளுடைய அப்பா என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "இனிமே மாசம் எவ்வளவு வரும், தம்பி?"

எனக்குப் பதில் வரவில்லை. "முதல்ல கொஞ்ச நாள் கத்துக்கணும் அண்ணே, அப்புறம் வரும்" என்றேன். அவர் தலையாட்டினார். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காததுதான் என்னை அதிகம் உறுத்தியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பதிவு செய்தது 2011இல். பதிவுக் கட்டணம், மற்ற கட்டணம், சென்னை போய் வரும் செலவு, கோட்டு, கவுன் எல்லாவற்றுக்கும் சேர்த்து அக்கா தன் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துக் கொடுத்தாள். தள்ளி எடுத்தால் எவ்வளவு நஷ்டம் என்று சீட்டுப் போட்டவர்களுக்குத் தெரியும். ஊருக்குத் திரும்பி ஒரு சீனியரிடம் சேர்ந்தேன். சட்டம் தெரிந்தவர், நல்ல உழைப்பாளி, அவரிடம் நான் கற்றது உண்மையிலேயே நிறைய. காலை ஏழரைக்கு ஆபீஸ் திறந்து அன்றைய கட்டுகளை எடுத்து வைக்க வேண்டும், பத்தரைக்குக் கோர்ட், சீனியர் வேறு கோர்ட்டில் இருந்தால் எழுந்து பாஸ் ஓவர், அதாவது வழக்கைக் கொஞ்சம் கழித்துக் கூப்பிடும்படி, கேட்க வேண்டும், வாய்தா குறித்துக்கொள்ள வேண்டும், நகல் மனு போட வேண்டும், ரிட்டர்ன் ஆன பேப்பரைச் சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்ய வேண்டும், சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி ஆபீஸ், பத்து மணிக்குச் சாவியைக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டு வீடு. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, கட்சிக்காரர்கள், அதாவது வழக்கு கொடுத்தவர்கள், அன்றைக்குத்தான் வருவார்கள். முதல் எட்டு மாதம் ஒரு ரூபாய் வரவில்லை. அப்புறம் மாதம் ஆயிரத்து ஐந்நூறு, அதுவும் நினைவு வந்தால்.

கேட்கத் தோன்றியதே இல்லை. கேட்டால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவோம் என்று நினைத்தேன். பத்து மணிக்கு மேல் ஒரு கடையில் கணக்கு எழுதினேன். வக்கீல்கள் யாராவது பார்த்துவிடக் கூடாதே என்று பின்வாசல் வழியாகப் போவேன். ஏதோ குற்றம் செய்கிறவன் போல இருக்கும். என்னோடு அதே வருடம் அதே கோர்ட்டில் தொடங்கியவர்கள் ஏழு பேர். இன்றைக்குக் கவுன் போடுவது நானும் இன்னொருவரும் மட்டும், அவருடைய அப்பாவும் வக்கீல். எங்கள் ஏழு பேரில் குறுக்கு விசாரணைக்கென்றே பிறந்தவன் போல ஒருவன் இருந்தான். மூன்றாவது வருடம் கல்யாணம் ஆனது, ஒரு நிதி நிறுவனத்தில் வசூல் வேலைக்குப் போய்விட்டான். அவனால் முடியாமல் போனது வீட்டு வாடகையைத்தான், வக்கீல் தொழிலை அல்ல.

இப்போது ஒரு நல்ல விஷயம் நடந்திருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். 1961ஆம் வருட வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவு பதிவுக் கட்டணம் எவ்வளவு என்று தெளிவாகவே சொல்கிறது: வக்கீல்களைப் பதிவு செய்யும் மாநில பார் கவுன்சிலுக்கு 600 ரூபாய், இந்திய பார் கவுன்சிலுக்கு 150 ரூபாய், மொத்தம் 750. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 100ம் 25ம் சேர்த்து 125. ஆனால் பல மாநிலங்களில் நூலகக் கட்டணம், நிர்வாகக் கட்டணம், அடையாள அட்டைக் கட்டணம் என்று பெயர் வைத்துப் பல ஆயிரங்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கௌரவ் குமார் என்பவர் தொடுத்த வழக்கில் 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், சட்டம் சொல்லும் தொகைக்கு மேல் பதிவுக்கென்று வாங்கக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பித் தர வேண்டாம், இனிமேல் வாங்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். இந்தக் கட்டணங்கள் ஏழைப் பிள்ளைகளையும் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளையும் எப்படி வெளியே நிறுத்துகின்றன என்று அந்தத் தீர்ப்பு பேசியதைப் படித்தபோது எனக்கு அக்காவின் சீட்டுதான் ஞாபகம் வந்தது.

இந்தத் தொழிலின் உள்ளே வர ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் போராட வேண்டியிருந்திருக்கிறது. பெண் என்பதாலேயே வக்கீலாக முடியாது என்று கல்கத்தாவிலும் பாட்னாவிலும் நீதிமன்றங்களே சொல்லி, 1923இல் அதற்கென்று தனிச் சட்டம் வந்த பிறகுதான் அந்தத் தடை போனது. திருநங்கை சத்யஸ்ரீ சர்மிளா 2018இல் நம் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்தார், இந்தியாவிலேயே முதல் முறை. படித்து முடித்துப் பல வருடம் காத்திருந்துதான் அந்தக் கவுனைப் போட்டார். எனக்கு இதிலெல்லாம் பெருமை உண்டு.

சரி, உள்ளே வந்தாகிவிட்டது. அப்புறம்?

பதிவு செய்த பிறகு இரண்டு வருடத்துக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும், 2010இல் கொண்டுவந்த விதி. பலர் அந்தத் தேர்வை எதிர்த்தார்கள், 2023இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அது செல்லும் என்று சொல்லிவிட்டது. எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் கவனியுங்கள், பார் கவுன்சில் விதிகளின்படி தொழில் செய்யும் வக்கீல் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது, விளம்பரம் செய்து கட்சிக்காரர்களைப் பிடிக்கவும் கூடாது. இரண்டும் தொழிலின் மரியாதைக்காக வந்த விதிகள், இரண்டையும் நான் ஏற்கிறேன். ஆனால் அப்பா வக்கீல் இல்லாத, மாமா நீதிபதி இல்லாத இருபத்து மூன்று வயதுப் பிள்ளைக்கு இதன் பொருள் என்ன? வெளியே சம்பாதிக்கக் கூடாது, கட்சிக்காரர் தானாக வர மாட்டார். மிச்சம் இருப்பது சீனியர் ஒருவர்தான். அவரும் தரவில்லை என்றால் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். வீட்டில் இல்லை என்றால்?

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு இதைத் தொட்டது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற இடங்களில் 15,000 என்று வழங்கச் சொல்லிச் சுற்றறிக்கை போடும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆண் பெண் வித்தியாசம் கூடாது என்றும் சொன்னது. அன்றைக்கு வக்கீல்கள் கூடும் எங்கள் பார் ரூமில் ஒரே பேச்சு. அதே வருடம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000, குறைந்தது மூன்று வருடத்துக்கு என்று சுற்றறிக்கை அனுப்பியது, ஆனால் பரிந்துரை என்ற அளவில்தான். கட்டாயம் இல்லை. என் கோர்ட்டில் எத்தனை பேருக்கு இந்தத் தொகை வருகிறது என்று ஜூனியர்களை ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் இல்லை.

இதற்கு மேல் 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதி தேர்வு எழுதக் குறைந்தது மூன்று வருடம் தொழில் செய்திருக்க வேண்டும் என்ற பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. கோர்ட்டையே பார்க்காத ஒருவர் நீதிபதியாக உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவன் நான், அதனால் தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று வருடத்தை யார் சாப்பாடு போட்டுக் கடத்துவது? தொழில் செய்ததற்குச் சான்று தர வேண்டியவரும் பத்து வருட அனுபவம் உள்ள ஒரு வக்கீல்தான். சம்பளமும் சான்றும் ஒரே கையில் இருக்கும்போது, எந்த ஜூனியர் வாய் திறந்து கேட்பான்? வசதியான வீட்டுப் பிள்ளைகள் மூன்று வருடம் தாங்குவார்கள், அவர்களே நீதிபதிகளும் ஆவார்கள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் மகள் போன்றவர்கள் இரண்டாவது வருடமே எங்காவது ஆபீஸ் வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் லோடுமேன் விபத்து இழப்பீட்டு வழக்கை எப்படிக் கேட்டிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். நமக்கு அந்த நீதிபதி கிடைக்கவே மாட்டார்.

நான் இதைப் பேசினால் சீனியர் நண்பர்கள் சொல்லும் பதில்கள் எனக்கு மனப்பாடம். நாங்களும் அப்படித்தான் வந்தோம் என்பார்கள். வந்தவர்கள் சொல்கிறோம், வராமல் போனவர்கள் பார் ரூமில் இல்லை, அதனால் அவர்கள் குரல் கேட்பதில்லை. தொழில் கற்றுத் தருகிறோமே, அதுவே பெரிதில்லையா என்பார்கள். பெரிதுதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் பதிவு செய்த நாளிலிருந்து அவர் முழு வழக்கறிஞர். பதிவுக்கு முன் ஒரு வருடம் பயிற்சி என்று 1995இல் பார் கவுன்சில் விதி கொண்டுவந்ததையே உச்ச நீதிமன்றம் 1999இல் சுதீர் வழக்கில் ரத்து செய்துவிட்டது. பாஸ் ஓவர் கேட்க, சாட்சியை விசாரிக்க, வக்காலத்தில் கையெழுத்துப் போட முழு வக்கீலாக வேண்டும், சம்பளம் என்று வந்தால் மட்டும் மாணவர் ஆகிவிட வேண்டும் என்பது என்ன நியாயம்? கட்சிக்காரரிடம் ஃபீஸ் வாங்கும்போது ஜூனியர் செய்த வேலைக்கும் சேர்த்துத்தானே வாங்குகிறோம்.

மூன்றாவது பதில்தான் உண்மையானது: எங்களுக்கே வருமானம் இல்லை. தாலுகா கோர்ட்டில், மாவட்ட கோர்ட்டில் தனியாக ஆபீஸ் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு மாதம் 15,000 என்பது கனமான தொகை. ஒரு மாதம் நான்கு கேஸ் ஃபீஸ் வரும், அடுத்த மாதம் வராது. என்னிடம் போன வருடம் வரை இருந்த ஜூனியருக்கு நான் கொடுத்தது ஆறாயிரம். தப்பாமல் கொடுத்தேன், ஆனால் ஆறாயிரம்தான். அது போதாது என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், இருவரும் பேசிக்கொள்ளவில்லை. டிசம்பரில் போய்விட்டான். போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டான், அன்றைக்கு எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது.

இந்த வெட்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பார் அசோசியேஷன்கள் செய்யலாம். ஒவ்வொரு ஊரிலும் சங்கத்தின் சார்பில் முதல் மூன்று வருடத்து ஜூனியர்களின் பட்டியல் ஒன்றாவது வேண்டும், யார் யாரிடம் இருக்கிறார்கள், எவ்வளவு வருகிறது என்று. சுற்றறிக்கை போட்டதோடு வேலை முடிந்துவிட்டதாகப் பார் கவுன்சில் நினைக்காமல் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். நன்றாகச் சம்பாதிக்கும் ஆபீஸ்களுக்கு இது கட்டாயமாக வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஒரே சமயத்தில் ஐந்தாறு ஜூனியர்களை வைத்துக்கொண்டு காரில் கோர்ட்டுக்கு வருபவர்கள் வருமானம் இல்லை என்று சொல்லக் கூடாது.

புதிதாகப் பதிவு செய்த பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சேரும் முதல் நாளே, மாதம் எவ்வளவு தருவீர்கள், எந்தத் தேதியில் தருவீர்கள் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நான் கேட்கவில்லை, அதனால் மூன்று வருடம் என் அக்கா வட்டி கட்டினாள். கேட்டதற்காக ஒரு சீனியர் முகத்தைச் சுளித்தால், அங்கே மூன்று வருடம் எப்படி இருக்கும் என்பது அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

நான் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோர்ட்டில் சிவில் பார்க்கும் ஒரு பெண் வழக்கறிஞர் இருக்கிறார், அவருக்கும் ஆள் தேவை, அவராலும் தனியாக 15,000 தர முடியாது. நான் அதிகமும் கிரிமினல், மோட்டார் விபத்து கேஸ்கள். இருவரும் பேசினோம். புதிதாகப் பதிவு செய்த எங்கள் தெருப் பெண்ணை இரண்டு ஆபீஸுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்வது, காலையில் அவருடைய ஆபீஸ், மாலையில் என்னுடைய ஆபீஸ், கோர்ட்டில் யாருக்குத் தேவையோ அவரோடு. ஆளுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு, ஐந்தாம் தேதி அவள் கணக்கில் போட்டுவிட வேண்டும். அவள் சிவிலும் கற்றுக்கொள்வாள், கிரிமினலும் கற்றுக்கொள்வாள். சின்ன ஊர்களில் இப்படி இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்தால் முடியும் என்றுதான் நினைக்கிறேன். முயற்சி செய்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், எங்கே இடிக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை.

நேற்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவளுக்கு முன்பாகவே அவளுடைய அப்பாவிடம், "அண்ணே, அன்னைக்கு பஸ்ல கேட்டீங்களே, மாசம் பதினஞ்சாயிரம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார், "ஞாயித்துக்கிழமை லீவு உண்டா, தம்பி?"

உண்டு என்றேன்.